“பிறகு” என்றுதான் எழுதியிருந்தது

என் தாய்வீடு வளப்பூர் நாட்டில். என்னைக் கட்டிக்கொடுத்தது வாழவந்தி நாட்டில். நாடு என்றால் இங்கே சில ஊர்கள் சேர்ந்த பகுதி; இரண்டும் கொல்லிமலைக்குள்தான் இருக்கின்றன. காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் போய்த் திரும்பிவிடலாம். ஆனாலும் கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் இந்த ஊரில் எனக்கு “வளப்பூர்க்காரி” என்றுதான் பெயர். அதில் கெட்ட எண்ணம் இருப்பதாக நான் நினைத்ததில்லை. அந்தக் கட்டுரை வரும்வரை நினைத்ததில்லை.

பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். நிரந்தர வேலை இல்லை. ஆள் போடும்வரை என்று சொல்லிச் சேர்த்தார்கள், இன்னும் ஆள் போடவில்லை. மற்ற நேரத்தில் எங்கள் சரிவுக்காட்டில் மிளகும் காப்பியும் பார்க்கிறேன். எங்கள் காட்டுக்குக் கீழே என் கணவருடைய அண்ணனின் காடு. நான் அவரைப் பெரிய மாமா என்று கூப்பிடுவேன். நடுவில் வேலி கிடையாது. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே தோப்பாகத்தான் நிற்கும். எது யாருடைய மரம் என்று எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வருஷம் கோடை விடுமுறையில் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. கதை அல்லாத எழுத்தைப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்பது பற்றி. ஒரு கட்டுரை என்ன சொல்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது, எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்றார்கள். நடந்த வரிசையில் போகிறதா, காரணத்தைச் சொல்லி விளைவுக்கு வருகிறதா, இரண்டை எடுத்துவைத்து ஒப்பிடுகிறதா, சிக்கலைக் காட்டிவிட்டுத் தீர்வுக்கு நகர்கிறதா. சின்னச் சொற்கள்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். “முதலில்”, “பிறகு” என்று வந்தால் காலவரிசை. “அதனால்”, “ஆகவே” என்று வந்தால் காரணம். எனக்கு அப்போது இது பரீட்சைக்கு மட்டும் உதவும் சமாசாரமாகத்தான் பட்டது.

பள்ளி திறந்ததும் ஏழாம் வகுப்பில் நடத்தினேன். கரும்பலகையில் “பஸ் வந்தது. பிறகு மழை வந்தது” என்று எழுதி, “பிறகு”வை அழித்துவிட்டு “அதனால்” என்று போட்டேன். வகுப்பே சிரித்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, “டீச்சர், எங்கூருக்குச் சாயங்கால பஸ் வந்தா நெசமாவே மழை வருதுங்க” என்றாள். நானும் சிரித்துவிட்டேன். பாடம் அதோடு முடிந்தது.

ஐப்பசி மழை அந்த வருஷம் விடாமல் பெய்தது. மழை நடுவிலேயே மிளகுக்கொடி வாட ஆரம்பித்தது. முதலில் பெரிய மாமாவின் காட்டில். இலையில் கறுப்பாக வட்டம் விழும், பிறகு கணு கணுவாகக் கழன்று உதிரும். நேற்று பச்சையாக மரத்தைச் சுற்றி நின்ற கொடி, அடுத்த வாரம் வெந்த கீரை மாதிரி தொங்கும். அப்புறம் எங்கள் காட்டிலும் சில மரங்களில் வந்தது. மழை விடுவதற்குள் கீழே இருக்கிற மற்றவர்கள் காட்டுக்கும் போய்விட்டது.

செம்மேட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர் ஒருவர், மலைக்குக் கீழே இருந்து வந்தவர், ஒரு விவசாய மாத இதழுக்கு எழுதுவார். அவர் எங்கள் பக்கம் வந்து நாலு பேரிடம் விசாரித்து, படம் எடுத்துக்கொண்டு போனார். நான் அன்றைக்குப் பள்ளியில் இருந்தேன். தை மாதம் கட்டுரை வந்தது. யாரோ அதைப் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள்.

நல்ல தமிழில் எழுதியிருந்தார். யார் பெயரும் இல்லை. போன ஆடி மாதம், ஊருக்குள் மருமகளாக வந்த ஒரு பெண் தன் தாய்வீட்டிலிருந்து வேர்விட்ட மிளகுக்கொடிகளைக் கொண்டுவந்து மேட்டுக்காட்டில் நட்டார் என்று ஆரம்பித்திருந்தது. பிறகு பெருமழை பெய்தது. மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்கு இறங்கியது. பிறகு பள்ளத்துக் காட்டில் கொடி வாடியது. பிறகு அடுத்த காடு, அதற்கடுத்த காடு. கடைசியில், வெளியிலிருந்து நாற்று கொண்டுவருகிறவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி.

ஆடியில் கொடி கொண்டுவந்தது நான்தான். அம்மா வீட்டில் காய்ப்பு நன்றாக இருக்கிறதே என்று, பை பையாக வேர்விடவைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஊரே பார்த்தது. சோளக்காடு என்கிற ஊரில் பஸ் மாறும்போது பலாப்பழம் விற்கிற அம்மாள்கூட, “நல்ல கொடியாட்டம் இருக்குதே கண்ணு” என்றாள்.

யாரும் என்னிடம் நேரில் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பக்கத்துக் காட்டுக்காரம்மா எங்கள் காட்டு வழியாகத்தான் தண்ணிக்குப் போவாள். இப்போது ரோடு சுற்றிப் போனாள். என்னிடம் வாங்கிப்போயிருந்த கவாத்துக் கத்தியை வெந்நீரில் கழுவி, துணியில் சுற்றி, கூப்பிடாமல் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். பெரிய மாமாவின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், எங்கள் வீட்டிலிருந்து போனதும் தன் வாசலில் செருப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதை நான் பார்த்தேன். பார்த்ததை அவளும் பார்த்தாள்.

என் கணவரிடம் கேட்டேன்.

“ஏனுங்க, நீங்களுமா அப்படி நெனைக்கறீங்க?”

அவர் கட்டுரையை மறுபடி ஒருமுறை படித்தார். “அதுல பொய்யி எதுவும் இல்லையே புள்ள. நீ கொண்டாந்த. மழை பேஞ்சுது. கொடி வாடுச்சு” என்றார்.

“வாடுனதுக்கு நான்தான் காரணம்னு போட்டிருக்குதா?”

“போடணுமாக்கும்? படிச்சாத் தெரியுதே.”

அந்தப் பதில் எனக்கு உள்ளே எங்கோ போய் உட்கார்ந்தது. அவர்மேலேயே சந்தேகம் வந்தது. கட்டுரைக்காரர் விசாரிக்க வந்த அன்று இவரும் வீட்டில்தான் இருந்தார். யார் சொல்லி அந்தக் கட்டுரை என் கொடியில் போய் ஆரம்பித்தது? அம்மாவுக்கு போன் போட்டு அங்கே கொடி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “எல்லாம் நல்லாத்தானே இருக்குது, ஏன் சாமி?” என்றாள். அவள் குரலில் எதையாவது மறைக்கிறாளா என்றுகூடக் காது கொடுத்துக் கேட்டேன். ராசியாக இருந்த மனிதர்கள் எல்லார் பேச்சிலும் இரண்டாவது அர்த்தம் தேட ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை கட்டுரையை வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குச் செய்யச் சொல்வது போல நானே செய்தேன். சின்னச் சொற்களுக்கு அடியில் கோடு போட்டுக்கொண்டே போனேன். பிறகு, பிறகு, அதன்பின், அப்போது. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரு “அதனால்” கிடையாது. ஒரு “காரணம்” கிடையாது. முழுக்க முழுக்கக் காலவரிசை. ஆனால் படித்த ஒவ்வொருவரும் இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் தாங்களாகவே ஓர் “அதனால்” போட்டுக்கொண்டிருந்தார்கள். என் கணவர் போட்டுக்கொண்டார். உண்மையைச் சொன்னால், முதல் தடவை படித்தபோது நானும் போட்டுக்கொண்டேன். நெஞ்சு திக்கென்றது அதனால்தான்.

எழுதியவர் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று தெரிய வேண்டியிருந்தது. வாரக் கடைசியில் அவர் ஊருக்குப் போக சோளக்காட்டில் பஸ்ஸுக்கு நிற்பார் என்று கேள்விப்பட்டு அங்கே போனேன். மிளகும் வாழைப்பழமும் பரப்பியிருந்த கடைகளுக்கு நடுவே, தோளில் பையோடு நின்றார். நடுத்தர வயது. என்னை யாரென்று சொன்னதும் முகம் மாறவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

“அந்தக் கட்டுரையில வர்ற பொம்பளை நான்தானுங்க” என்றேன்.

“அப்படீங்களா? நான் யார் பேரும் போடலைங்களே.”

“ஊருக்குள்ள மேட்டுக்காட்டுல கொடி நட்டது நான் ஒருத்திதானுங்க. பேரு எதுக்கு?”

“உங்களாலதான் நோய் வந்துச்சுன்னு நான் எங்கயும் எழுதலைங்க. நடந்ததை நடந்த வரிசையில வச்சேன். படிக்கறவங்களுக்குச் சுலபமா இருக்கும்.”

“சரிங்க. ஆனா எதுக்கு என்ற கொடியில இருந்து ஆரம்பிச்சீங்க? அதுக்கு முந்தி எதுவுமே நடக்கலைங்களா?”

“எங்காவது ஆரம்பிக்கணும் இல்லைங்களா?” என்றார். பிறகு, “எப்ப இருந்து இதுன்னு கேட்டேன். அந்தப் பள்ளத்துக் காட்டுக்காரர் அப்படித்தான் ஆரம்பிச்சாரு” என்றார்.

பள்ளத்துக் காட்டுக்காரர் என்றால் பெரிய மாமா.

பஸ் வந்துவிட்டது. படியில் கால் வைத்தவர் திரும்பி, “நீங்களே ஒண்ணு எழுதிக் குடுங்க. போடச் சொல்றேன்” என்றார். கரிசனத்தில் சொன்னாரா, என்னைக் கழற்றிவிடுவதற்காகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். என் கொடி வருவதற்கு முந்தின சித்திரையில் பெரிய மாமா தன் காட்டுக்குள் மண்ரோடு போட்டார். மரவள்ளிக் கிழங்கு ஏற்ற லாரி உள்ளே வர வேண்டும் என்று ஜேசிபி கூப்பிட்டார். அந்த வண்டி சரிவைக் குடைந்து எடுத்த மண்ணை ஓரமாகத் தள்ளியது. தள்ளிய இடத்தில்தான் பழைய வடிகால் இருந்தது. மழைத் தண்ணீர் அதற்குமுன் வடிகாலில் ஓடி ஓடையில் விழும். அந்த வருஷம் மரத்தடியில் தேங்கி நின்றது. அதே வண்டி, சக்கரச் சேற்றோடு, மற்ற காடுகளுக்கும் வேலைக்குப் போனது. இதெல்லாம் ஊருக்கே தெரியும். ஆனால் கட்டுரையில் இல்லை.

மறுநாள் உட்கார்ந்து எழுதினேன். “சித்திரையில் பள்ளத்துக் காட்டில் மண்ரோடு போடப்பட்டது” என்று ஆரம்பித்தேன். பிறகு வடிகால் மூடியது. பிறகு ஜேசிபி அடுத்த காடுகளுக்குப் போனது. பிறகு மழை. பிறகு தண்ணீர் தேங்கியது. பிறகு பள்ளத்துக் காட்டில் கொடி வாடியது. என் கொடியைப் பற்றி நடுவில் அரை வரி. நானும் ஓர் “அதனால்” போடவில்லை. ஒரு பொய் சொல்லவில்லை.

காப்பித் தூள் வாங்கிக்கொண்டு வந்த கணவரை உட்காரவைத்து, அதைப் படித்துக் காட்டினேன். பாதி போவதற்குள் அவர் முகம் சிவந்துவிட்டது. முடித்ததும் சடாரென்று எழுந்து செருப்பை மாட்டினார்.

“எங்கீங்க கெளம்பறீங்க?”

“அண்ணங்கிட்டத்தான். காட்டையெல்லாம் கெடுத்துப்போட்டு, பழியை உன்ற தலையில போட்டுட்டுக் குத்தவச்சு வெத்தலை போட்டுட்டு இருக்கறானே!”

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஒரு கணம் இருந்தது. அடுத்த கணம் போய்விட்டது. நேற்றுவரை என்னைச் சந்தேகப்பட்ட மனிதர், ஒரு பக்கம் கேட்டு முடிப்பதற்குள் கூடப்பிறந்த அண்ணன்மேல் சண்டைக்குக் கிளம்பிவிட்டார். நடந்தது எதுவும் மாறவில்லை. ஆரம்பித்த இடத்தை மட்டும் நான் மாற்றியிருந்தேன்.

கதவை மறித்து நின்றேன். “இருங்க. இதுல எங்கயாச்சும் மாமாதான் காரணம்னு இருக்குதா? சொல்லுங்க.”

“படிச்சாத் தெரியுதே!” என்று கத்தினார்.

“அன்னைக்கு என்னையப் பத்திப் படிச்சப்பவும் இதேதானுங்க சொன்னீங்க.”

அவர் நின்றார். செருப்பைக் கழற்றவில்லை, ஆனால் போகவும் இல்லை. “அப்பறம் எதுதான் நெசம்?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டேன்.

அப்புறம் வேறு ஒன்று எழுதினேன். அது கஷ்டமாக இருந்தது. ரோடு, கொடி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் வழி இருக்கிறது, எது என்று எங்களுக்குத் தெரியவில்லை என்று எழுத வேண்டியிருந்தது. அம்மா வீட்டில் தாய்க்கொடிகள் நன்றாக இருக்கின்றன என்று எழுதினேன். ஆனாலும் அதை வைத்து என் கொடி சுத்தம் என்று சொல்லிவிட முடியாது என்றும் எழுதினேன். அந்த வரியை எழுதும்போது பேனா நகர மறுத்தது. படிக்க சுவையாக இல்லை என்று எனக்கே தெரிந்தது. இதழுக்கு அனுப்பினேன். சுருக்கி, கடைசிப் பக்கத்தில் ஒரு மூலையில் போட்டார்கள். அதை யாரும் படம் பிடித்துக் குழுவில் போடவில்லை. நானே போட்டேன். இரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். அவர்களும் படித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

மாசி மாதம் வேளாண்மை அதிகாரி வந்தார். இளம்பெண், தெற்கே ஏதோ ஊர், மலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. காடு காடாக ஏறி இறங்கினார். செத்த கொடியின் வேரைத் தோண்டி எடுத்து விரலால் உருவினார். தோல் கையோடு வந்தது. எல்லாரும் பெரிய மாமாவின் காட்டில் கூடினோம். செத்த கொடிகளைப் பிடுங்கி எரிக்கச் சொன்னார். வடிகாலைத் திறக்கச் சொன்னார். ஒரு காட்டு மண் இன்னொரு காட்டுக்குப் போகக்கூடாது, செருப்பில்கூட என்றார்.

பக்கத்துக் காட்டுக்காரம்மா கேட்டாள்: “அதெல்லாம் சரிங்கம்மா. இந்த நோவை யாரு கொண்டாந்தது? அதச் சொல்லுங்க.”

எல்லாரும் அதிகாரியைப் பார்த்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது நன்றாகத் தெரிந்தது.

“அதை இப்ப சொல்ல முடியாதும்மா” என்றார் அவர். “முன்னாடியே மண்ணுல இருந்திருக்கலாம். நாத்தோடயும் வந்திருக்கலாம். வண்டிச் சேத்துலயும் வந்திருக்கலாம். எப்படி வந்திருந்தாலும், தண்ணி தேங்காம இருந்தா இவ்வளவு போயிருக்காது.”

கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பெயர் கிடைக்கும் என்று வந்தவர்கள், மூன்று “லாம்” வாங்கிக்கொண்டு கலைந்தார்கள். “இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியல” என்று யாரோ போகிற போக்கில் சொன்னது கேட்டது.

நான் கிளம்பும்போது பெரிய மாமா கூப்பிட்டார். “அம்மிணி, கொஞ்சம் நில்லு.”

நின்றேன்.

“நீ என்னையப் பத்தி ஒண்ணு எழுதுனியாமா. என்ற தம்பி சொன்னான்.”

கணவர் சொல்லாமல் இருக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். “எழுதுனேனுங்க மாமா. ரோடு போட்டதுல இருந்து ஆரம்பிச்சு எழுதுனேன். அனுப்பலைங்க. எரிச்சுப்போட்டேன்.”

“ஏன்?”

“அனுப்பியிருந்தா, இப்ப உங்க ஊட்டுக்குப் போயிட்டு வந்து எல்லாரும் செருப்பு கழுவுவாங்க.”

அவர் மண்மேட்டைப் பார்த்தார். அக்கா செருப்பு கழுவியது அவருக்கும் தெரிந்திருக்கிறது என்று முகம் சொன்னது.

“நீங்க ஏனுங்க என்ற கொடியில இருந்து ஆரம்பிச்சீங்க?” என்று கேட்டேன். இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

“நெனச்சுப் பண்ணல அம்மிணி. எப்ப இருந்துன்னு அந்த ஆளு கேட்டான். எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. ரோடு போட்டது எனக்கு நல்ல காரியம். லாரி காட்டுக்குள்ள வந்து நின்ன அன்னைக்கு எவ்வளவு சந்தோசம். நல்லதுல இருந்து கெட்டதை ஆரம்பிச்சுச் சொல்ல யாருக்கு மனசு வரும்?”

அதை நான் பாதி நம்பினேன். மீதிப் பாதியை இன்றைக்கும் நம்பவில்லை. வடிகால் மூடியது தெரிந்து, அதைப் பற்றி யாரும் கேட்பதற்கு முன் வேறு பக்கம் கையைக் காட்டினாரோ என்ற எண்ணம் அவரைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு முறை வந்து போகிறது. அவருக்கும் என்னைப் பார்க்கும்போது ஏதாவது வந்து போகும்.

ஆனால் பங்குனியில் அவரும் என் கணவரும் ஆள் வைத்து வடிகாலைத் தோண்டினார்கள். நானும் மண் அள்ளினேன். அடுத்த மழையில் தண்ணீர் பழைய மாதிரி ஓடைக்குப் போனது. எங்கள் காட்டில் செத்த கொடிகள் போக மிச்சம் பிழைத்தன; கீழ்க்காட்டில் பாதிதான் மிஞ்சியது. நான் கொண்டுவந்த கொடிகளில் பெரும்பாலும் நன்றாக ஏறின. அதுவும் ஊரில் இரண்டு விதமாகப் பேசப்பட்டது. நோய் இல்லாத கொடி, அதனால்தான் பிழைத்தது என்றார்கள் சிலர். நோயைச் சுமந்துகொண்டு தான் மட்டும் சாகாத கொடி என்றார்கள் சிலர்.

பள்ளியில் இப்போது அந்தப் பாடத்தை வேறு மாதிரி நடத்துகிறேன். கட்டுரை எந்த வகை என்று கண்டுபிடித்ததும் பிள்ளைகளை விட்டுவிடுவதில்லை. இதற்கு முந்தின நாள் என்ன நடந்திருக்கும், அதை ஏன் எழுதவில்லை என்று கேட்கிறேன். பாடப்புத்தகத்தைப் பற்றியே கேட்கிறார்கள். சில நேரம் எனக்குப் பதில் தெரிவதில்லை. தலைமையாசிரியர், “பிள்ளைங்களை ரொம்ப சந்தேகப்பட வைக்காதீங்க டீச்சர்” என்று ஒருமுறை சொன்னார். ஏன் சொல்கிறார் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

இந்த வருஷம் ஆடியில் பெரிய மாமா வீட்டு அக்கா வந்தாள். கொடி செத்த மரங்களுக்குப் புதுக்கொடி வேண்டும், உன் கொடியிலிருந்து வெட்டிக்கொடு என்றாள். இன்னும் இரண்டு மழை போகட்டும், அதிகாரியைக் கேட்டுக்கொண்டு தருகிறேன் என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். “ஏன் கண்ணு, அப்ப உன்ற கொடியிலதான் நோவுன்னு நீயே நெனைக்கறயா?”

“இல்லீங்க அக்கா” என்றேன். சொல்லிவிட்டு, அவள் நம்பினாளா என்று பார்த்தேன். அவள் கொடி சுமந்துபோகக் கொண்டுவந்த சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கிப் போய்விட்டாள்.